கருவிழியில் விரியும் குடை

நல்ல உருவப்படம் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் கருவிழியை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அதற்கென்று ஒரு வடிவம் உண்டு. நீள்சதுரமாக இருந்தால் ஜன்னலோ ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸோ பக்கத்தில் இருந்திருக்கிறது. வட்டமாக, உள்ளே மெல்லிய கம்பிகள் தெரிந்தால் அது ஒளியைப் பரப்பும் ஃபிளாஷ் குடை. கருவிழியின் நட்டநடுவில் ஊசிமுனை அளவுக்குக் குத்தி நின்றால், கேமராவின் உச்சியில் மாட்டிய ஃபிளாஷ். அந்தக் கடைசி வகைப் படத்தில் மூக்கின் ஓரத்தில் நிழல் இருக்காது, கன்னத்தில் மேடு பள்ளம் தெரியாது. தினமும் பார்த்துப் பழகிய முகம்கூடத் தட்டையாகிவிடும்.

அதே ஃபிளாஷைக் கழற்றி இரண்டு அடி பக்கவாட்டில் வைத்தால் முகம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆஃப் கேமரா ஃபிளாஷின் அடிப்படை இதுதான். இதைப் பார்த்துப் பழக ஒரு ரூபாயும் வேண்டாம்.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் ஒருவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். கைபேசி டார்ச்சை மூக்குக்கு நேராகப் பிடியுங்கள். பிறகு அதை மெல்லக் காதுப் பக்கம் நகர்த்திக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஓரிடத்தில் இருண்ட கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் விழும். ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால் ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் ஒளியமைப்பு இது. இப்போது டார்ச்சுக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். கத்தி வெட்டியதுபோல் இருந்த நிழலின் ஓரம் கரைந்து போகும். விளக்கு அதேதான். ஆனால் முகத்தின் மேல் வெளிச்சம் வந்து விழும் பரப்பு, வேட்டி அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செய்ததும் ஏறக்குறைய இதையே. காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டிருந்தார்கள். முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன் மேல் அடித்துத் திரும்பவைத்து, வானத்திலிருந்து இறங்கும் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார். அந்தக் காட்சிகளை ஏற்கெனவே பார்த்தவர்கள், முகங்களின் மேல் ஒளி எப்படிப் படிகிறது என்பதற்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

இனிக் கடைக்குப் போகலாம். முதல் தடவை வாங்க நான்கே பொருள் போதும்: மேனுவல் ஃபிளாஷ் ஒன்று, அதைத் தூரத்திலிருந்து வெடிக்கவைக்கும் ட்ரிகர் ஒன்று, ஸ்டாண்டும் அதன் தலையில் மாட்டும் குடைப் பிடியும், வெள்ளைக் குடை ஒன்று. ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் புகைப்படக்காரராக இருந்த டேவிட் ஹாபி, 2006 முதல் உலகம் முழுக்க இருக்கும் அமெச்சூர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இப்படிப்பட்ட எளிய சாமான்களை வைத்துத்தான்.

ஃபிளாஷில் கோடாக்ஸ் டிடி600, யோங்நுவோ ஒய்என்560 நான்காம் பதிப்பு இரண்டுமே நல்ல தொடக்கம். இரண்டிலும் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது, இரண்டும் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். பெரிய கேமரா நிறுவனங்களின் உச்ச ரக ஃபிளாஷ் ஒன்றின் விலைக்கு இவற்றில் நான்கைந்து வாங்கிவிடலாம். ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் கோடாக்ஸைச் சொல்லலாம். நாளைக்கு ஏடி200 போன்ற பெரிய விளக்கு வாங்கினாலும் அதே ட்ரிகர் கைகொடுக்கும்.

ஒளியின் அளவைத் தானே முடிவுசெய்யும் டிடிஎல் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தோன்றும். கல்யாண மண்டபத்தில் ஓடி ஓடி எடுப்பவருக்கு அது தேவை. கற்றுக்கொள்பவருக்கு மேனுவலே நல்ல வாத்தியார். முழுச் சக்தி, பாதி, கால் என்று 1/128 வரை கையாலேயே இறக்கி ஏற்றும்போதுதான் எவ்வளவு வெளிச்சம் என்பது உடம்பில் பதியும். கோடாக்ஸ் ஃபிளாஷின் திறனைச் சொல்லும் கைடு நம்பர் 60 என்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஃபிளாஷின் ஜூமை 200 மி.மீ.க்குக் குவித்து அளந்த எண் அது. குடைக்குள் விரித்து அடிக்கும்போது அவ்வளவு கிடைக்காது. வீட்டுக்குள் அவ்வளவு தேவையும் இல்லை.

பணம் கொடுக்கும் முன் கேமராவின் உச்சியில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைக் கவனியுங்கள். நடுவில் வட்டமான உலோகப் பொட்டு ஒன்று இருக்க வேண்டும். கேனன் 200டி மார்க் 2 போன்ற சில தொடக்க ரக கேமராக்களில் அது கிடையாது. எல்லா கேமராவுக்கும் பொது என்று விற்கும் மலிவு ட்ரிகர் அவற்றில் வேலை செய்யாது. உங்கள் கேமராவையே கடைக்கு எடுத்துப்போய் மாட்டி, ஒருமுறை அடித்துப் பார்த்து வாங்குவது நல்லது. பரணில் கிடக்கும் பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷை டிஜிட்டல் கேமராவில் நேரடியாக மாட்டவும் கூடாது. சிலவற்றின் அடித் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், கேமராவின் உள்சுற்று கருகிவிடக்கூடும்.

மிச்சம் பிடித்த பணத்தை ரீசார்ஜ் பேட்டரியில் போடுங்கள், எட்டாக வாங்குங்கள். சாதாரணச் செல்லில் ஃபிளாஷ் மறுபடி நிரம்பக் காத்திருப்பதற்குள் குழந்தையின் சிரிப்பு போய்விடும். ஒளியைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டருக்குத் தெர்மாகோல் அட்டை போதும்.

வந்த சாமானோடு முதல் நாள் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே குடையில்லாமல் அடித்தால் சொம்பின் வயிற்றில் ஒரு வெள்ளைக் கொப்புளம் மட்டும் வரும். குடையைப் பக்கத்தில் நெருக்கமாக வைத்து, அதன் ஊடாக அடித்துப் பாருங்கள். வயிற்றின் வளைவோடு ஒளி பட்டையாக வழியும். கழுத்தில் தட்டுப்பட்ட நசுங்கல், புளி போட்டுத் தேய்த்த கோடுகள் எல்லாம் எழுந்து வரும். ஒரு மீட்டரில் இருந்த குடையை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் சொம்பின் மேல் விழும் ஒளி கால் பங்காகிவிடும். அதைச் சரிக்கட்டச் சக்தியைக் கூட்டினால் பின்சுவரும் சேர்ந்து வெளுக்கும். குடையைக் கிட்டே கொண்டுவந்து சக்தியைக் குறைத்தால் சுவர் இருட்டுக்குள் போய்விடும்.

அடுத்து, சூரியன் மறைந்த கையோடு மொட்டை மாடி. ஸ்டாண்டின் காலில் மணல்பை ஒன்றைக் கட்டிவிடுங்கள், காற்றில் குடை கப்பற்பாயாகிவிடும். வானம் சரியாக வரும்படி ஷட்டரை 1/60-இல் வைத்து, முகத்துக்கு ஃபிளாஷை 1/8 சக்தியில் அடியுங்கள். பிறகு ஷட்டரை மட்டும் 1/200-க்கு ஏற்றுங்கள். ஃபிளாஷ் வெடித்து அடங்குவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம், ஆகவே முகத்துக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படத்தில் கறுப்புப் பட்டை விழத் தொடங்கும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு படத்தையும் கேமராத் திரையில் மாற்றி மாற்றிப் பாருங்கள். முகம் அப்படியே இருக்க, பின்னாலிருக்கும் வானம் மட்டும் சாம்பலிலிருந்து கருநீலமாக இறங்கியிருக்கும்.