ஓ.எம்.ஆர். கணக்கும் அசோக் நகர் தண்ணியும்

எங்கள் குடியிருப்பில் 8 வீடு. தரைத்தளம் சேர்த்து நாலு தளம், தளத்துக்கு ரெண்டு வீடு. அசோக் பில்லரிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். எண்பதுகளில் கட்டிய கட்டடம். ஒரே சம்ப், ஒரே மொட்டைமாடித் தொட்டி, தண்ணி செலவு எட்டால் வகுத்து ஆளுக்குச் சமம். பிப்ரவரி மாத சங்கக் கூட்டத்தில் ஒருத்தர் கொட்டேஷன் ஒன்றை நீட்டினார். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர், போனில் ஆப், யார் எத்தனை லிட்டர் என்று மணிக்கு மணி கிராப். "தண்ணி செலவு 35 பர்சன்ட் குறையும்னு எழுதியே குடுத்திருக்கான் சார்" என்றார்.

எழுதிக் கொடுத்த காகிதம் என்றால் எனக்குக் கொஞ்சம் பலவீனம். வாங்கி வந்து மூணு ராத்திரி உட்கார்ந்தேன். இது அந்தக் காகிதத்தின் மேல் எழுதும் விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். இந்தத் துறையில் நான் பார்த்த பிரசுரங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பேசுகின்றன.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். மீட்டர் என்பது விலைக்கான கருவி. ஒரு லிட்டர் கூடுதலாகச் செலவானால் ஒரு காசு கூடும் என்கிற இடத்தில்தான் அதற்குப் பல் உண்டு. சென்னையில் வீட்டு இணைப்புக்கு நாம் மெட்ரோ வாட்டருக்குக் கட்டுவது லிட்டர் கணக்கில் இல்லை. சொத்தின் ஆண்டு மதிப்பை வைத்து வரி, அதோடு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணம். பத்து குடம் பிடித்தாலும் அதே, நூறு குடம் பிடித்தாலும் அதே. போர் தண்ணிக்கு மோட்டார் கரண்ட் தவிர விலை இல்லை. ஆக எங்களுக்கு லிட்டருக்கு விலை என்று ஒன்று இருப்பது லாரி வருகிற மாதங்களில் மட்டும்.

அதனால் கணக்கை லாரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். போன கோடையில் மூணு மாதத்துக்கு 14 லாரி வாங்கினோம். ஒவ்வொன்றும் 12,000 லிட்டர், 2,200 ரூபாய். மொத்தம் 30,800. குடியிருப்பில் 27 பேர். பெருநகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்று மத்திய அரசின் குடிநீர் கையேடு சொல்கிறது. அதை வைத்தால் நாளைக்கு 4,050 லிட்டர். அவர்கள் சொல்கிற 35 சதவீதம் நிஜமாகவே குறைந்தாலும், அந்த 90 நாளில் மிச்சமாவது சுமார் 1,27,500 லிட்டர், அதாவது பத்தரை லாரி, 23,400 ரூபாய்க்குக் கிட்ட. மீதி ஒன்பது மாதம் மிச்சமாகும் தண்ணி நல்ல விஷயம்தான். ஆனால் பணமாகத் திரும்பாது.

இப்போது செலவுப் பக்கம். எட்டு வீட்டுக்கு எட்டு மீட்டர் என்று நினைத்திருந்தேன். கொட்டேஷனில் 32 இருந்தது. ஏன் என்று கேட்டால், பழைய கட்டடங்களில் தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்கி வீட்டுக்குள் பிரிவதில்லை. சமையலறைக்கு ஒரு குழாய், ரெண்டு பாத்ரூமுக்கு ரெண்டு, பின்பக்கத் துணி துவைக்கிற இடத்துக்கு ஒன்று என்று செங்குத்தாக நாலு குழாய்கள் இறங்கும். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு கிளை. எட்டு நாலு முப்பத்திரண்டு. ஒன்று 5,000 என்று 1,60,000 ரூபாய். மேற்கொண்டு ஆப் சேவைக்கு வீட்டுக்கு மாதம் 100, வருடத்துக்கு 9,600.

23,400-இல் 9,600 போனால் வருடத்துக்கு 13,800 மிச்சம். போட்ட பணம் திரும்ப பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும். மீட்டரில் உள்ள பேட்டரி ஆயுள் பத்து வருஷம் என்று அதே காகிதத்தில் பின்பக்கம் போட்டிருக்கிறது! 35 சதவீதம் இல்லாமல் 20 சதவீதம் குறைந்தால்? வருடத்துக்கு சுமார் 3,800 ரூபாய் மிஞ்சும், 42 வருஷம் ஆகும். கட்டடமே அதுவரைக்கும் நிற்காது.

அப்படியானால் இதை எல்லாரும் ஏமாந்தா வாங்குகிறார்கள்? இல்லை. ஓ.எம்.ஆர். பக்கம் ஐநூறு வீட்டுக் குடியிருப்பில் வருஷம் முழுக்க லாரித் தண்ணி. ஒவ்வொரு லிட்டரும் காசு. புதுக் கட்டடம் என்றால் வீட்டுக்கு ஒன்றிரண்டு குழாயாக முதலிலேயே அமைத்திருப்பார்கள். அங்கே இந்தக் கணக்கு ரெண்டு மூணு வருஷத்திலேயே நேராகிவிடலாம். பிரசுரம் பொய் சொல்லவில்லை, வேறு ஊரைப் பற்றிச் சொல்கிறது. அசோக் நகருக்கு அதை அப்படியே கொண்டுவந்து ஒட்டியதுதான் பிழை.

அடுத்து அந்த 35. எங்கிருந்து வருகிறது இந்த எண்? மீட்டர் மாட்டினால் குறைவதா, கூடவே விலையும் வைத்ததால் குறைவதா, கசிவைக் கண்டுபிடித்து அடைத்ததால் குறைவதா என்று பிரித்துச் சொல்லும் பிரசுரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆய்வுகளில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் காப் கவுண்டியில் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து பெராரோ, பிரைஸ் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 'உங்கள் அக்கம்பக்கத்தாரைவிட நீங்கள் இவ்வளவு கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள்' என்று கடிதம் போன வீடுகளில் குறைந்தது 4.8 சதவீதம். அதுவும் நாளாக ஆக மங்கியது. வெறும் சிக்கன யோசனைகள் மட்டும் போன வீடுகளில் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்தில் ஷவரிலேயே சின்னத் திரை மாட்டி, குளிக்கும்போதே எவ்வளவு போகிறது என்று காட்டினார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில் ஷவருக்கான ஆற்றல் செலவு 22 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் பாருங்கள். தண்ணி ஓடுகிற நேரத்தில், ஓடுகிற இடத்தில் எண் தெரிந்தால் கை தானாக குழாயை மூடுகிறது. குழாய் சந்தில் மாட்டிய மீட்டர் ராத்திரி போனில் அனுப்பும் கிராப் முதல் வகையா, ரெண்டாம் வகையா? எங்கள் வீட்டில் கரண்ட் பில் ஆப்பை யார் திறந்து பார்க்கிறார்கள் என்று யோசித்தாலே போதும்.

நிற்க. மீட்டரை எங்கே மாட்டுவது என்பது தனிக் கதை. மெட்ரோ வாட்டர் குழாய் சம்புக்குள் வருகிற இடத்தில் மாட்டினால், விடிகாலை தண்ணி விடும்போது முதலில் புஸ்ஸென்று காற்றுதான் வரும், சக்கர மீட்டர் காற்றுக்கும் சுற்றும். அதே குழாயில் சம்ப் நிரம்பி பால் வால்வ் பாதி மூடி, தண்ணி நூல் மாதிரி வரும்போது அதே மீட்டர் சரியாகச் சுற்றாது. குறைந்த ஓட்டத்தில் பிழை கூடும் என்பது மீட்டர் தரவிதிகளிலேயே ஒப்புக்கொண்ட விஷயம். நல்ல ஓட்டத்தில் கூடக் குறைய 2 சதவீதம், குறைந்த ஓட்டத்தில் 5 சதவீதம் வரை அனுமதி. அதற்கும் கீழே போனால் உத்தரவாதமே இல்லை. மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே, வீட்டுக்கு வீடு மாட்டினால் இன்னொரு தொல்லை. மூணாவது மாடி ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே ரெண்டரை மீட்டர் உயரம்கூட இல்லை. ஏற்கெனவே தண்ணி முனகிக்கொண்டுதான் வருகிறது. நடுவில் ஒரு மீட்டரும் அதன் வாயில் ஒரு சல்லடையும். எங்கள் போர் தண்ணி பக்கெட்டிலேயே ஆறு மாசத்தில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணி. அந்தச் சல்லடையை யார் கழற்றிக் கழுவுவது, 32 இடத்தில்?

இதையெல்லாம் கூட விட்டுவிடலாம். கூட்டத்தில் எனக்கு உறுத்தியது வேறு. கொட்டேஷனோடு வந்த மாதிரிப் படத்தில் வீடுகளை வரிசைப்படுத்தி இருந்தது. அதிகம் செலவழிக்கும் வீடு சிவப்பு, குறைவு பச்சை. அதைப் பார்த்ததும் ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்தான் சிவப்பு, மீட்டரே வேணாம்" என்றார். முதல் மாடி இடதுபக்க வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார். பக்கவாதம், ரெண்டு வருஷமாகிறது. தினம் ரெண்டு தரம் விரிப்பு மாற்றித் துவைக்கிறார்கள். பாட்டியின் மகள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். சிரித்தவர் கெட்டவர் இல்லை, அப்புறம் போய் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்தச் சிவப்பு மாதாமாதம் எட்டுப் போனிலும் வரும். லிட்டர் கணக்கு எத்தனை லிட்டர் என்று மட்டும் சொல்லும், எதற்கு என்று சொல்லாது. மணிக்கு மணி அளவு என்றால் யார் ஊரில் இல்லை, யார் வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் நடமாட்டம் என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தத் தரவு யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். "கிளவுட்ல இருக்கும் சார்" என்பது பதில்.

மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மூணாவது மாடியில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். லாரிச் செலவை எட்டால் வகுத்தால் அவர் பங்கு 3,850 ரூபாய். அவருக்கு எதிர் வீட்டில் ஆறு பேர், அதே 3,850. மாமி பல வருஷமாக முணுமுணுக்கிறார், நியாயம்தான். "நான் ஒருத்தி குளிக்கறதுக்கு அவா ஆறு பேர் குளிக்கற காசா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மீட்டருக்கான ஆகச் சிறந்த வாதம் மாமிதான், பிரசுரத்தில் அவர் இல்லை. ஆனால் அவருக்கு நியாயம் செய்ய 1,60,000 ரூபாய் வேண்டுமா? செலவில் பாதியை வீட்டுக் கணக்கிலும் பாதியைத் தலைக் கணக்கிலும் பிரித்தால் மாமி 2,495 கொடுப்பார், ஆறு பேர் வீடு 5,347 கொடுக்கும். பாட்டி வீடு நாலு பேருக்கான பங்கைக் கொடுக்கும், ஏன் இத்தனை துவைக்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். துல்லியம் இல்லைதான். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, ஆள் பெங்களூரில் என்கிற தகராறு வரும். வரட்டும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கசிவு? இதுதான் ஸ்மார்ட் மீட்டர்காரர்களின் பலமான சீட்டு. உண்மையில் பலமானதுதான். ஆனால் கசிவைப் பார்க்க ஒரு மர ஸ்கேலும் டார்ச்சும் போதும். எங்கள் மொட்டைமாடித் தொட்டியின் அடிப்பரப்பு 3 மீட்டருக்கு 2 மீட்டர். அப்படியென்றால் 1 செ.மீ. இறங்கினால் 60 லிட்டர். மோட்டாரை நிறுத்திவிட்டு ராத்திரி 12 மணிக்கு ஒரு தரம், நாலரைக்கு ஒரு தரம் அளந்தேன். யாராவது எழுந்து பாத்ரூம் போயிருப்பார்கள் என்பதால் மூணு ராத்திரி செய்து, ஆகக் குறைந்ததை எடுத்துக்கொண்டேன். 3 செ.மீ. நாலரை மணி நேரத்தில் 180 லிட்டர், நாள் முழுக்க அதே வேகம் என்றால் 960 லிட்டர். ஒருத்தரும் விழித்திருக்காத நேரத்தில் ஆறு பேர் செலவழிக்கிற தண்ணி போயிருக்கிறது. மறுநாள் எல்லா வீட்டு ஃப்ளஷ் தொட்டியிலும் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டோம். அரை மணியில் ரெண்டு வீட்டுக் கோப்பையில் நீலம் இறங்கிவிட்டது. வாஷர் மாற்ற 700 ரூபாய். திரும்ப அளந்தபோது அரை செ.மீ.தான் இறங்கியது. நாளைக்கு 800 லிட்டர் மிச்சம்.

இந்த 700 ரூபாய் வேலைக்கு அப்புறம் சங்கத்தில் ஒரு சமரசம் செய்தோம். சம்பிலிருந்து மொட்டைமாடிக்குப் போகும் மோட்டார் குழாயில் ஒரே ஒரு சாதா மீட்டர். கூலியோடு 6,800 ரூபாய். அந்த இடத்தில் குழாய் எப்போதும் முழுசாக நிரம்பி ஒரே வேகத்தில் ஓடும், காற்றுத் தொல்லை இல்லை, நூல் ஓட்டமும் இல்லை. மீட்டருக்கு அதைவிட நல்ல இடம் இந்தக் கட்டடத்தில் கிடையாது. மெட்ரோ, போர், லாரி மூணும் சம்பில் கலந்துதான் மேலே போகிறது, அதனால் மொத்தமும் அதில் தெரியும். மோட்டார் போடுகிற வாட்ச்மேன் அண்ணன் தினம் எண்ணை நோட்டில் எழுதுகிறார். முதல் 30 நாளில் 113.4 கிலோலிட்டர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 140. ஒழுகிக்கொண்டிருந்த 800-ஐயும் சேர்த்தால் முன்னே 4,580 லிட்டர் ஆகியிருக்கும். வாஷர் மட்டும் 17 சதவீதத்தைக் குறைத்திருக்கிறது.

ஊர் முழுக்க மீட்டர் வர வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு என் பதில் ஆமாம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்ததைப் பார்த்த ஊர் இது. அந்தக் கோடையில் ஒரு லாரிக்கு 4,500 கொடுத்துவிட்டு, வாசலில் லாரி திரும்பும்போதே யார் சம்பில் ஹோஸை விடுவது என்று பக்கத்துக் கட்டடத்தோடு சண்டை போட்டோம். கடல்நீரைக் காசு செலவழித்துக் குடிநீராக்கி, அதை அளக்காமல் விடுவது எத்தனை நாளைக்கு ஓடும்? டெல்லியில் 2015 முதல் மாதம் 20 கிலோலிட்டர் வரை இலவசம், ஆனால் ஓடுகிற மீட்டர் இருக்க வேண்டும் என்றார்கள். கட்டணத்துக்குப் பயந்து மீட்டரை எதிர்த்தவர்கள் பூஜ்ய பில்லுக்காக அதையே கேட்டு வாங்கினார்கள். அந்தப் பாதையில் குடியிருப்புக்கு ஒரு மீட்டர் வரட்டும். குழாயில் காற்று வராத அளவுக்கு அழுத்தத்தோடு தண்ணியும் வரட்டும்.

கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பாதிக்குப் பாதி பங்கீட்டுக்கு ஆறு வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஆறு பேர் வீடு இன்னும் போடவில்லை. லாரி சீசன் ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்துவிடும், அதற்குள் ஒரு முடிவு வர வேண்டும். மாமி கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்கேலைத் தொட்டி மூடிமேலேயே வைத்துவிட்டு வந்தது யார் என்று கேட்டார். நான்தான்.