கரகரப்பின் அசலும் நகலும்

அய்யம்பாளையத்தில் என் பெரியப்பா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா எதுவானாலும் அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபயர் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடும். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டு வைத்தால், மலையடிவாரம் அல்லவா, மலையும் கொஞ்சம் கூடவே பாடும். பெட்டிக்குள்ளே வால்வுகள் செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். எங்களைப் போன்ற பொடியன்களுக்கு அதைப் பார்ப்பதே ஒரு தரிசனம்.

ராத்திரி பத்து மணிக்குமேல் யாராவது வந்து, "அண்ணே, இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்க" என்பார்கள். பெரியப்பா குமிழைத் திருப்புவார். பாட்டு கரகரக்கும். அவர் முகம் சுண்டிப் போகும். "வால்வு தாங்கலைங்க, தப்பா நினைக்காதீங்க" என்று கல்யாண வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பார்.

சென்ற மாதம் என் தங்கை மகன் கிதாரும் கையுமாக வந்து இறங்கினான். பையிலிருந்து, சம்புடம் அளவில், மூன்று குமிழ்கள் வைத்த ஓர் இரும்புப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தான்.

"என்னடா இது?"

"ஓவர்டிரைவ் பெடல், மாமா. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் சத்தம் இதிலே அப்படியே வரும்."

கால் கட்டைவிரலால் அமுக்கிவிட்டுத் தந்தியை மீட்டினான். பெரியப்பா எந்தக் கரகரப்புக்காக மன்னிப்புக் கேட்டாரோ, அதே கரகரப்பு! அதைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருக்கிறான். சிரித்துவிட்டேன். "அசலை விட்டுவிட்டு நகலுக்குக் காசு கொடுக்கிறாயே" என்று பரிகாசமும் செய்தேன். பிறகு விஷயத்தைக் கொஞ்சம் சிரத்தையோடு விசாரித்துப் பார்த்ததில், சிரித்தது அவசரம் என்று தெரிந்தது.

இந்தக் கரகரப்பு பிறந்ததே விபத்தில்தான். 1951-ல் அமெரிக்காவில் "ராக்கெட் 88" என்ற பாட்டைப் பதிவு செய்யப் போகும் வழியில் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது, பழுதோடேயே பதிவு செய்தார்கள், ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் கோஷ்டியின் டேவ் டேவிஸ், தன் ஸ்பீக்கரின் காகிதத்தை வேண்டுமென்றே பிளேடால் கீறிக்கொண்டார். பெரியப்பா கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

அசல், நகல் என்ற பேச்சுக்கு வருவோம். உலகமெங்கும் கிதார்க்காரர்கள் கைகூப்புகிற ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்று மார்ஷல். ஆனால் அந்த மார்ஷலே ஒரு நகல்தான். லண்டனில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் தம் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது, அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி செய்த பாஸ்மேன் என்ற பெட்டியின் அமைப்பைத்தான் பார்த்துச் செய்தார். கிடைத்த வால்வுகளும் ஸ்பீக்கர்களும் வேறு. ஆகவே குரலும் வேறாயிற்று. நகல் எடுக்கப் போனவருக்குக் கைதவறி ஓர் அசல் பிறந்துவிட்டது! இலக்கியத்தில் இப்படி நடந்ததில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

பெடலின் உள்விவகாரம் அப்படியொன்றும் மர்மமல்ல. தாங்குகிற அளவுக்குமேல் வால்வுக்குள் ஒலியைச் செலுத்தினால், அலையின் உச்சிகள் மழுங்கும். மழுங்கின இடத்தில் முதலில் இல்லாத மேல் ஸ்வரங்கள் புதிதாகப் பிறக்கும். அதுதான் கரகரப்பு. 1970-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்த ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பெடல், ஒரு சில்லையும் இரண்டு டயோடுகளையும் வைத்து, ஒன்பது வோல்ட் பாட்டரியில், அந்த உச்சிகளை மெதுவாகச் சீவியது. பின்னால் வந்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், குறிப்பிட்ட ஓர் ஆம்ப்ளிஃபயரில் வால்வு இருந்த இடத்திலெல்லாம் ஒரு டிரான்ஸிஸ்டரை வைத்து, அதன் ஜாதகத்தையே காப்பி அடித்தார்கள். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் கரகரக்க வேண்டுமானால் முழுச் சத்தத்தில் அலற வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு இடமேது? பெடலோ அடக்கமாகக் கரகரக்கும்.

பழுதை ரசிப்பது மேல்நாட்டுப் பைத்தியம் என்று நினைக்கிறவர்கள், தம்பூராவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவேண்டும். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் ஒரு நூல்துண்டைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கிறார்களே, எதற்காக? தந்தி சுத்தமாக ஒலிக்காமல் உராய்ந்து ரீங்கரிக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஸர் ஸி. வி. ராமன் 1921-ல் தம்பூராவையும் வீணையையும் ஆராய்ந்து எழுதினார். மீட்டுகிற இடத்தைப் பொறுத்துச் சில மேல் ஸ்வரங்கள் எழவே கூடாது என்பது பாடப்புத்தக விதி. நம் வாத்தியங்களில் அவையும் கணீரென்று எழுகின்றன என்று காட்டினார். அந்தக் குதிரையின் அமைப்பே காரணம். விதியை மீறித்தான் நாமும் சுநாதம் தேடியிருக்கிறோம்.

இந்தப் பெடல் நம் சங்கீதத்துக்கு உதவுமா? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினோடு சிறுவனாக மேடை ஏறியபோது, முணுமுணுத்தவர்கள் உண்டு. கமகம் வாய்பேசிற்று, முணுமுணுப்பு ஓய்ந்தது. கிதார் பிரசன்னா 2006-ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக "எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்" என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சாதாரண கிதாரில் மீட்டிய ஸ்வரம் கண்மூடித் திறப்பதற்குள் தேய்ந்துவிடும். உச்சியைச் சீவுவதால் பெரிய ஒலிக்கும் சிறிய ஒலிக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, ஸ்வரம் நாகஸ்வரம்போல நீண்டு நிற்கிறது. இழுத்து வளைக்க அவகாசம் கிடைக்கிறது. இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் மேல்நாட்டு முறையில் இந்தக் கரகரப்பு சீக்கிரம் சேறாகிவிடும். ஒற்றை ஸ்வரமாக நடக்கும் நம் ராகத்துக்கு அந்த ஆபத்துக் குறைவு. ஆவேசமான இடங்களில் அது எனக்கு உவப்பாக இருந்தது. ஆனால் இடைவிடாத ஆவேசம் அலுப்புத் தருகிறது என்பதையும் சொல்லாமலிருக்க முடியாது.

ஆகவே நகலைக் குறை சொல்ல எனக்கு இப்போது மனமில்லை. என் அளவுகோல் வேறு: கைக்குக் கட்டுப்படுகிறதா? மருமகனிடம், "மெதுவாக மீட்டு" என்றேன், ஒலி தெளிந்தது. "ஓங்கி மீட்டு" என்றேன், உறுமிற்று. விரலின் மனசை அது தெரிந்துகொள்கிறது. அப்படியானால் அது வாத்தியம்தான். எப்படி மீட்டினாலும் ஒரே உறுமலாக உறுமுவது வாத்தியமல்ல; முகமூடி. காதால் கேட்காமல், பெட்டியின்மேல் அச்சடித்த பழைய ஆம்ப்ளிஃபயரின் பெயருக்காக வாங்குகிறவன் முகமூடியைத்தான் வாங்குகிறான். கிராமத்துப் பேச்சைக் கதையில் தூவிவிட்டு, மண்வாசனை வந்துவிட்டதென்று திருப்திப்படும் எங்களைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும்.

புறப்படும்போது மருமகன் கேட்டான்: "தாத்தாவோட வால்வு செட் எங்கே, மாமா? ரிப்பேர் பண்ணிப் பார்க்கலாமே."

பெரியப்பா காலமானபின் வீட்டை ஒழித்தபோது, அதை நான்தான் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டேன். உள்ளே இருந்த செம்புக் கம்பிக்காக எடை போட்டு வாங்கிப் போனான். அசலின் அருமையைப் பற்றி அந்தப் பையனைப் பரிகாசம் செய்தவன் நான்! நிஜத்தைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பெடலைப் பைக்குள் வைக்காமல், இன்னொரு தரம் அமுக்கி, ஓங்கி மீட்டினான். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.