கான்ட்ராவின் பாடபேதங்கள்

கான்ட்ராவின் முதல் கட்டத்தில் மரங்கள் ஆடும். எனக்கு இது போன மாதம்தான் தெரியும்.

சின்ன வயதில் அண்ணன் சொன்னபோது நம்பவில்லை. பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு பையன் வீட்டில் பார்த்தானாம். காட்டில் இலையெல்லாம் காத்துல ஆடுதாம், பனிமலைக் கட்டத்தில் பனி கொட்டுதாம். எங்கள் வீட்டுக் கேசட்டில் மரம் ஒட்டிவைத்த படம் மாதிரி நிற்கும். "சும்மா அளக்காதண்ணா" என்றேன். அவன் சத்தியம் செய்தான், நான் சிரித்தேன், விஷயம் அம்மா வரை போய் ரெண்டு பேருக்கும் அடி விழுந்தது. அதற்குப் பிறகு வீட்டில் யார் எதை மிகைப்படுத்தினாலும் "மரம் ஆடுதா?" என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. அவனுடைய கல்யாணத்தில்கூடக் கேட்டேன்.

போன மாதம் வீட்டுக் கணினியில் மெசன் என்ற எமுலேட்டரைப் போட்டேன். நிண்டெண்டோவின் பழைய எட்டு பிட் பெட்டியைக் கணினிக்குள் நடித்துக்காட்டும் மென்பொருள். நிறுவியதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிரித்தேன், ஓடியது. பழைய கேசட்டுகளைச் சேர்க்கிற நண்பர் ஒருவர் அவற்றைப் படித்துக் கோப்பாக்கும் கருவியும் வைத்திருக்கிறார். அவரிடம் கான்ட்ரா இரண்டு இருந்தது: ஜப்பானின் ஃபேமிகாம் கேசட் ஒன்று, அமெரிக்காவின் நெஸ் கேசட் ஒன்று. இரண்டுமே 1988இல் வந்தவை. காசு போட்டு ஆடும் கடை எந்திரத்தில் கான்ட்ரா அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது.

இந்தக் கோப்புகளின் முதல் 16 பைட்டுகளில் விளையாட்டு கிடையாது. கேசட்டுக்குள் எந்த மாதிரி சர்க்யூட் இருந்தது என்று எமுலேட்டருக்குச் சொல்லும் குறிப்பு அது. நம்ம மொழியில் பாயிரம். அமெரிக்கக் கேசட்டுக்கு அதில் மேப்பர் எண் 2. ஜப்பான் கேசட்டுக்கு 23. அந்த 23 என்பது கொனாமி தானே செய்த விஆர்சி2 என்ற சில்லைக் குறிக்கிறது. படத்துண்டுகளைச் சின்னச் சின்னத் தொகுதிகளாகச் சட்டுச் சட்டென்று மாற்றித் தரும் சில்லு. அதனால் இலை ஆடுகிறது. அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சில்லு இல்லை. மரம் நின்றுவிட்டது.

மரத்தோடு போகவில்லை. ஜப்பான் பதிப்பில் கதை நடப்பது 2633இல், நியூசிலாந்து பக்கம் ஒரு கற்பனைத் தீவுக்கூட்டத்தில். அமெரிக்கக் கையேட்டில் அதே கதை நிகழ்காலத்துக்கும் அமேசான் காட்டுக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் 1990இல் வந்தபோது பெயரே புரோபோடெக்டர். சட்டை போடாமல் துப்பாக்கியோடு ஓடிய இரண்டு ஆண்களும் ரோபோக்களாகிவிட்டார்கள். மனிதன் மனிதனைச் சுடும் விளையாட்டுக்கு ஜெர்மனியில் இருந்த கெடுபிடிதான் காரணம். ஒரே குதி, ஒரே குண்டு, ஆனால் ஓடுகிறவன் வேறு.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. சுவடி சுவடியாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த கதை நமக்குத் தெரியும். எமுலேட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதே வேலையைத்தான், கொஞ்சம் மலிவான விதத்தில், செய்கிறோம் என்று தோன்றியது. ஒவ்வொரு டிக்கும் ஒரு பதிப்பு முடிவு.

ஒரு உதாரணம். நிண்டெண்டோ பெட்டியால் ஒரு கிடைக்கோட்டில் 8 உருவத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. எஸ் துப்பாக்கி எடுத்து விசிறியடித்தால், எதிரில் நாலு பேர் வந்தால், குண்டும் ஆளும் மினுங்கி மினுங்கி மறையும். மெசனில் அந்த வரம்பை ஒரே கிளிக்கில் நீக்கலாம். நீக்கினேன். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, எனக்குச் சலிப்பாக இருந்தது. பெட்டி திணறுவதுதான் அந்தச் சண்டையின் சத்தமே. பழைய கதையில் இருக்கும் வட்டார வழக்கை எல்லாம் 'திருத்தி' அச்சிடும் பதிப்பாளர்கள் மேல் எனக்கு இருக்கும் அதே எரிச்சல் என் மேலேயே வந்தது. டிக்கை எடுத்துவிட்டேன்.

ரீவைண்ட் வசதி இன்னும் மோசம். செத்தால் ஒரு பட்டனை அழுத்தி மூன்று வினாடி பின்னால் போகலாம். அப்படி அமெரிக்கப் பதிப்பின் 8 கட்டத்தையும் ஒரே ராத்திரியில் முடித்தேன். முடித்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு குண்டு பட்டால் சாவு என்பதுதான் கான்ட்ராவின் இலக்கணம். அதை எடுத்துவிட்டால் வலப்பக்கம் நடந்துபோகும் ஒரு நடைப்பயிற்சி மிச்சம்.

அப்போ எது மூலம்? ஜப்பான் பதிப்பே அசல், மற்றதெல்லாம் குறைப்பிரதி என்கிற ரசிகர்களோடு நான் முழுசாக ஒத்துப்போகவில்லை. அது அழகுதான். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே தீவின் வரைபடத்தைக் காட்டி, எங்கே போகிறோம் என்று விளக்குகிறது. அமெரிக்கப் பதிப்பு எதையும் விளக்காது. ஏன் சுடுகிறோம், யாரைச் சுடுகிறோம், ஒன்றும் தெரியாமல் ஓடுவோம். அந்தத் தெரியாமையில் ஒரு வேகம் இருந்தது.

தவிர, நாங்கள் ஆடியது இந்த மூன்றில் எதுவுமே இல்லை. எங்களுடையது நாலாவது பாடம். மேலே 9999 என்று அச்சடித்த மஞ்சள் கேசட், உள்ளே உருப்படியாக ஏழெட்டு விளையாட்டு. கான்ட்ரா என்றே பல வரிகள். ஒன்று முதல் கட்டத்தில் தொடங்கும், இன்னொன்று மூன்றாவதில். எதைத் தொட்டாலும் 30 உயிர். அமெரிக்கப் பையன்கள் மேல் மேல் கீழ் கீழ் என்று மந்திரம் மாதிரி பட்டன் தட்டி வாங்கிய 30 உயிரை, எங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு திருட்டுப் பதிப்பாளன் முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டான். சுத்தமான இடைச்செருகல். இந்தப் பாடத்தை எந்தத் தொகுப்பிலும் சேர்க்க மாட்டார்கள். சேர்க்க வேண்டும் என்பேன். அந்த 30 உயிர் இல்லையென்றால் நானும் அண்ணனும் மூன்றாவது கட்ட அருவியைப் பார்த்தே இருக்க மாட்டோம். அங்கே ஒருவன் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் கூடவே ஏறும், கீழே நிற்பவன் செத்துப்போவான். அண்ணன் எப்போதும் எனக்காக நின்றான். நான் நிற்கவில்லை.

மரம் ஆடுவதை மொபைலில் படம்பிடித்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கூப்பிட்டான். ஜெயித்த சந்தோஷமெல்லாம் காட்டவில்லை.

"பனி கொட்டுதா பாத்தியா?"

"இல்லண்ணா. அது அஞ்சாவது கட்டம்."

"பாத்துட்டுச் சொல்லு."

ஜப்பான் கேசட்டை ரீவைண்ட் இல்லாமல்தான் ஆடுகிறேன். மூன்று உயிர். நேற்றும் அருவியோடு போய்விட்டது.