கருவி கற்றுத்தந்த தவறு

ஆரணித் தறியில் இழை அறுந்தால் பிணைத்துக்கொள்ளலாம். ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் பிணைக்க ஏதுமில்லை. ஆகவே விமானம் பழக வருபவரை முதலில் புத்தகத்திலும் சிமுலேட்டரிலும் உட்காரவைப்பது நியாயம்தான். ஆனால் அங்கே எதைக் கற்கிறார்?

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வழியறிதல், வானிலை, விதிமுறை முதலிய தாள்களில் 70 சதவீத மதிப்பெண் வேண்டும். எல்லாம் கொள்குறி வினாக்கள். வினா வங்கியை உருப்போட்டே தேறிவிடலாம் என்பதுதான் இதன் ஓட்டை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, மேலெழ நீண்ட ஓடுபாதை வேண்டும் என்பதற்குச் சரியான விடையைக் குறித்துவிடுவார். வந்தவாசியின் கத்திரி வெயில் போன்றதொரு நண்பகலில், சுமையோடு ஓடுபாதையில் நிற்கும்போது அது நினைவுக்கு வருமா?

சிமுலேட்டர் இந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கிறது. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929-ல் அதைச் செய்தது அப்பாவின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டு. அன்று அது பலருக்கு விளையாட்டுச் சாமான். 1934-ல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. மேகத்துக்குள் உள்காது சொல்வதை விட்டுக் கருவியின் முள்ளை நம்பப் பழக்க அதைவிட மலிவான வழி இல்லை. எஞ்சின் தீயைப் பத்து முறை ஒத்திகை பார்க்கவும் வேறு இடம் ஏது?

அதே கருவி தவறையும் அழுத்தமாகக் கற்றுத்தரும். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 587-ஆம் விமானம், முன்னே போன விமானம் கிளப்பிய சுழற்காற்றில் ஆடியது. துணை விமானி சுக்கானை மாறி மாறி முழு அழுத்தத்தில் மிதித்தார்; செங்குத்து வால் பிய்ந்துபோனது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். சுக்கான் அமைப்போடு, நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் ஒரு காரணம் என்றது விசாரணை. அந்தச் சிமுலேட்டர் பயிற்சியில் சுழற்காற்று விமானத்தை நிஜத்தைவிடப் பயங்கரமாகச் சாய்த்துக் காட்டியது. பாடத்தை மறந்தவரின் விபத்தல்ல இது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சிமுலேட்டரில் இன்னொரு சௌகரியம், தரையில் மோதினால் மீண்டும் தொடங்கலாம். அதனால் மாணவரை எவ்வளவு தூரம் தவறு செய்ய விடுவது என்று அங்கே யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. நிஜ விமானத்தில் பக்கத்து இருக்கைப் பயிற்றுநருக்கு அதுதான் வேலையே. வந்தவாசியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், தாம்பரத்தில், அந்த வேலையைக் கற்றுத்தர 1954 முதல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர்கள்தான் அங்கே மறுபடி மாணவர்களாக வருகிறார்கள்.