தரிசு என்று எழுதப்பட்ட புல்வெளி

ஊட்டிக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பைன் காடு, ஷூட்டிங் மட்டம், கற்பூர மர வாசனை என்பார்கள். சினிமாப் பாட்டுகள் பழக்கிய கண் அது. பைனும், யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரமும் வெளியிலிருந்து வந்தவை. நீலகிரியின் சொந்தக் காட்சியைப் பார்க்க வேண்டுமானால் முக்கூர்த்தி பக்கம் போக வேண்டும். மலைமடிப்பில், ஓடை பிறக்கும் பள்ளத்தில், குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. கிளையெல்லாம் பாசி, மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். சோலையின் விளிம்பில் கோடு கிழித்தாற்போல் மரம் நின்றுவிடும். அங்கிருந்து மேடெல்லாம் புல். குனிந்து பார்த்தால் அது ஒரே புல் அல்ல என்று தெரியும். தூர்தூராக நிற்கும் பல வகைப் புற்கள். ஈரமான இடுக்குகளில் பூச்சி பிடிக்கும் ட்ரோசெரா, இலைமயிர் நுனிகளின் பிசின் பனித்துளிபோல மின்ன நிற்கும்.

மரம் ஏன் அந்த விளிம்பைத் தாண்டவில்லை? ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கிடைத்த விடை எளிமையானது: காடு அழிந்த இடம்தான் புல்வெளி, ஆகவே அது தரிசு. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காக ஆஸ்திரேலியாவின் கற்பூர மரமும் சீகை (வாட்டில்) மரமும் கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தச் சொல் மாறவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை, ஆலைகளுக்கு மரக்கூழ் என்று வனத்துறையே பெரும்பரப்பில் நட்டது. நட்டவர்கள் நல்லது செய்வதாகவே நம்பினார்கள் என்பதுதான் எனக்கு அதிக வேதனை தருகிறது.

அந்த நம்பிக்கையை அசைத்த பெரிய சான்று ஒன்று சதுப்பு மண்ணிலிருந்து வந்தது. அறிவியலாளர் ஆர். சுகுமாரும் அவருடைய கூட்டாளிகளும் நீலகிரியின் கரிச்சேற்றைத் தோண்டி, அதிலிருந்த கார்பன் ஐசோடோப்புகளை அளந்து 1993-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மரமும் வெப்பமண்டலப் புல்லும் கார்பனை வெவ்வேறு விதமாகச் சேர்ப்பதால், எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்பதைச் சேற்றின் அடுக்குகளில் படிக்க முடியும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகப் புல் அங்கே இருந்திருக்கிறது. பருவநிலைக்கு ஏற்பப் புல்லும் சோலையும் ஏறி இறங்கியிருக்கின்றன. மனிதக் கோடரி உருவாக்கிய வெட்டவெளி அல்ல அது.

விளிம்புக்குக் காரணம் உறைபனி. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் சோலை மரக் கன்றுகளைப் புல்வெளியில் நட்டுப் பார்த்தார்கள். திறந்த வெளியில் இரவில் விழும் உறைபனி கன்றுகளைக் கருக்கிவிட்டது. மரக்குடையின் கீழ் அந்தக் குளிர் இறங்குவதில்லை. 2020-ல் வந்த அந்தக் கட்டுரையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: இரவுகள் வெதுவெதுப்பானால் உறைபனி என்ற காவல் தளரும், அயல் மரங்களின் பரவலும் சேர்ந்தால் சமநிலை குலையும்.

எவ்வளவு இழந்தோம் என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் சொல்கின்றன. மு. அரசுமணி, வி.வி. ராபின் குழுவினர் இதேபோல் சோலையும் புல்லும் கொண்ட பழனி மலையை ஆராய்ந்தபோது, நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குப் புல்வெளி போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டவை மரத் தோட்டமும் விவசாயமும். இதே ராபின் உள்ளிட்ட குழுதான் 2017-ல் இம்மலைகளின் ஒரு பறவைப் பேரினத்துக்கு ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டது. சோலைவாசி என்று பொருள். நம் சொல் அறிவியல் பெயராகி உலகம் சுற்றுகிறது, சோலையோ சுருங்குகிறது.

மீட்பு வேலையில் கருத்து வேறுபாடு உண்டு. கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நடத்திய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் பழைய அயல்மரத் தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டாதீர்கள் என்றார்கள். அவர்கள் கண்டது உண்மை. ஆனால் நிழலில் சோலை திரும்பும், புல் திரும்பாது. ஆகவே எஞ்சிய புல்வெளியின் ஓரத்தில் ஏறிவரும் சீகையைத்தான் முதலில் பிடுங்க வேண்டும் என்பது என் கட்சி.

பிடுங்குவது லேசல்ல. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் கொத்தாக முளைக்கும். மரத்தை வெட்டிய இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போய்க் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். பிறகு, நாற்றங்காலில் வளர்த்த நாட்டுப் புல்லைத் தூர் பிரித்து ஒவ்வொன்றாக நட வேண்டும். நீலகிரியில் காட்வின் வசந்த் பாஸ்கோ போன்றவர்கள் செய்துவரும் வேலை இது. அரசும் விழித்திருக்கிறது. அயல் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையும், வரையாட்டுக்கு ஒரு தனித் திட்டமும் 2022-ல் வந்தன. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். மேட்டுப் புல்வெளி இல்லாமல் அவற்றுக்கு வாழ்வில்லை.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்பே புல்லைப் பேர் பேராக அறிந்திருந்தவர்கள் நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள். அவர்களுடைய கோயிலின் வளைந்த கூரைக்குச் சதுப்பில் வளரும் ‘அவ்ஃபுல்’ என்ற புல்தான் வேண்டும். வேறு புல் உதவாது. தருண் சாப்ரா பல ஆண்டுகள் அவர்களோடு பழகி இந்த அறிவைப் பதிவு செய்திருக்கிறார். அரசுக் கோப்பில் தரிசு என்று எழுதப்பட்ட அதே மேட்டில் எருமைக்கு மேய்ச்சலும் தெய்வத்துக்குக் கூரையும் இருந்தன. தமிழில் தியடோர் பாஸ்கரன் ‘சோலை எனும் வாழிடம்’ என்று ஒரு நூலுக்கும், ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ என்று இன்னொன்றுக்கும் பெயர் வைத்தார். இந்தப் பொருளில் நம் மொழியில் வந்தவை இன்னும் சொற்பம்தான்.

2018-ல் பூத்துக் காய்ந்த குறிஞ்சியின் விதைகள் இப்போது இம்மலைகளின் சரிவுகளில் புதர்களாக நிற்கின்றன. அடுத்த பூப்பு 2030-ல். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் யாராவது மேலேறிப் போய், அவற்றின் நடுவே தலைகாட்டும் சீகைக் கன்றுகளைப் பிடுங்கியாக வேண்டும்.