மலையேறும் காரும் ஊர் மெக்கானிக்கும்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பெட்ரோல் அம்பாசிடர் உயரம் கூடக்கூடக் கரும்புகை கக்கித் திணறும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரோ அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைப்பதில்லை. இன்றைய காரில் உணர்கருவிகள் காற்றை அளக்க, சிறு கணிப்பொறி அதற்கேற்ப எரிபொருளைத் தெளிக்கச் செய்கிறது. பழமையைப் புகழ்வோர் இந்த முன்னேற்றத்தை மறந்துவிடுகின்றனர்.

ஆனால், வழியில் வண்டி நின்றால்? அன்று மெக்கானிக் ஜெட்டைக் கழற்றி ஊதியே ஓடவைப்பார். இன்று கணிப்பொறியே பழுதைக் குறியீடாகச் சொல்கிறது. பொதுக் குறியீடுகளை மலிவான கருவியும் படிக்கும். நிறுவனத்தின் தனிக் குறியீடுகளோ பெரும்பாலும் அதன் பணிமனையைத் தாண்டுவதில்லை. இதற்கு விஞ்ஞானக் காரணம் ஏதுமில்லை; வியாபாரக் காரணம் உண்டு. 2022இல் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை இணையதளத்தில் கார்களும் அடங்கும். முழுக் குறியீட்டுப் பட்டியலையும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் வெளியிட வேண்டும்.