கைப்பிடிச் சோறும் ஒரு கொத்துக் கதிரும்

மதுரையின் மார்கழிக் குளிருக்கு எந்தக் குருவியும் சாவதில்லை. விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி நிற்கிற குளிர் இது. வெயில் ஏறிவிட்டால் போர்வை மடிந்துவிடும். பனி மூடும் நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஒரு சின்னப் பறவை 15 மணி நேர இரவைத் தாண்டியாக வேண்டும். மாலையில் இரை கிடைக்காவிட்டால் மறுநாள் காலையில் அது கிளையில் இருக்காது. அதனால் குளிர்காலத்தில் அங்கே இரை வைப்பது உயிர் காக்கிற காரியம். நம் பக்கத்திலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து, புழு பூச்சி பெருகி, வயல் கதிர் முற்றிக் கிடக்கிற பருவம் அது. பறவைக்குப் பஞ்சம் சித்திரை, வைகாசியில்தான். இருந்தும் நம் வீடுகளில் பறவைக்கு வைக்கிற வழக்கங்களில் அழகானவை மார்கழியிலும் தையிலும் வந்து கூடுகின்றன.

பங்கு கொடுக்க வந்த வழக்கம் இது என்பது என் எண்ணம். உலை கொதித்தால் காக்கைக்கு ஒரு பங்கு. கதிர் அறுத்தால் குருவிக்கு ஒரு பங்கு. வாசலில் அரிசிமாவு இழுத்தால் எறும்புக்கும் அணிலுக்கும் ஒரு பங்கு. பங்கு என்று வந்துவிட்டால் அளவும் கூடவே வந்துவிடுகிறது. பறவைக்கு வைக்கிற கலையின் நயம் முழுக்க அந்த அளவில் இருக்கிறது.

காக்கைக்குச் சோறு வைப்பதை நன்றாகச் செய்கிற ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். வடித்த சோற்றில் முதல் அகப்பை. மேலே கொஞ்சம் பருப்பு, ஒரு துளி நெய். உப்போ காரமோ கிடையாது. ஆவி அடங்கும்வரை ஆறவிட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் தண்ணீர் தெளித்துத் துடைத்த இடத்தில், சிதறாமல் வைப்பார். இரண்டு குரல் கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்வார். கூடவே நிற்பதும் பிழை, உடனே போய்விடுவதும் பிழை. முதலில் வருகிற காக்கை நேராகச் சோற்றுக்கு வராது. சுவரில் இறங்கி, பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்து, தலையைச் சாய்த்து ஆளைப் பார்த்து, ஒரு வாய் எடுத்துப் பின்வாங்கும். அதற்குப் பிறகுதான் மற்றவை வரும். தினமும் ஒரே நேரத்தில் வைக்கிற வீட்டுக்கு அந்த நேரத்துக்கு முன்பே வந்து காத்திருக்கும்.

இந்த வழக்கத்தின் வயது சங்க காலத்தைத் தொடுகிறது. பிரிந்துபோன தலைவன் வருவதைக் கரைந்து சொன்ன காக்கைக்கு, நெய் கலந்த சோற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் போதாது என்கிற கருத்தில் ஒரு பாட்டு குறுந்தொகையில் 210ஆவதாக இருக்கிறது. பாடியவர் நச்செள்ளையார், காக்கையைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றவர். நன்றி ஏழு கலம் கேட்கட்டும். கொடுப்பது கைப்பிடியாகவே இருக்கட்டும் என்பேன். காக்கை ஒரு தெருவில் அளவுக்கு மீறிப் பெருகினால் சின்னக் குருவிகளின் முட்டையும் குஞ்சும் தப்பாது.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் சில வீடுகளில் வைக்கிற கணுப்பிடி இந்தக் கலையின் திருவிழாக் கோலம். மஞ்சள் இலையை விரித்து அதில் வெள்ளைச் சோறு, மஞ்சள் கலந்த சோறு, குங்குமம் கலந்த சோறு, தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எனச் சின்னச் சின்ன உருண்டைகள். உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் வைப்பது. ஒவ்வொரு பிடியும் ஒரு பறவையின் ஒரு வாய்க்குத் தோதான அளவு. நிறமும் அளவும் சேர்ந்து அமைந்த இப்படி ஒரு படையலை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

ஆனால் என் மனசு நின்றுபோகிற இடம் குருவிக்குக் கட்டுகிற நெற்கதிர்தான். மேலூர் பக்கத்து ஒருபோக வயல்களில் தை, மாசியில் அறுப்பு. அறுப்பு மிஷின் இறங்கிவிட்டால் மணியும் தாளும் தனித்தனியாகிவிடும். அதனால் மிஷின் வருவதற்கு முன்பே வரப்போரத்தில் நல்ல கதிராகப் பார்த்து, கருக்கரிவாளால் அடித்தாளோடு நீளமாக அறுத்துக்கொள்ள வேண்டும். முற்றிப் பழுத்த கதிர் கட்டும்போதே உதிரும். பச்சையாக இருந்தால் இரண்டு நாளில் சுருங்கி மணி சப்பிப்போகும். மணி பொன்னிறமாகி, தாளில் மட்டும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கிற பதம் ஒன்று உண்டு. அந்தப் பதத்தில் தாள் வளைகிறது, ஒடிவதில்லை. மூன்று கற்றையாகப் பிரித்து, சடை பின்னுவதுபோல இறுக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு மடிப்பிலும் சில கதிர்களை வெளியே தொங்கவிட வேண்டும். கயிறோ கம்பியோ தேவையில்லை. ஈரம் காயக் காயப் பின்னல் தானே இறுகிக்கொள்ளும்.

கட்டுகிற இடத்தையும் தேர்ந்துதான் கட்ட வேண்டும். தாழ்வாரத்து விட்டத்தில், மழைச்சாரல் படாமல், பூனை தாவினாலும் எட்டாமல், காற்றுக்குச் சற்றே ஆடும்படி. ஆட்டம் முக்கியம். காக்கைக்கும் புறாவுக்கும் ஆடுகிற கதிரில் காலூன்ற முடியாது. சிட்டுக்குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தின்னும். அலகில் நெல்லை உருட்டி உமியை உரித்துத் துப்பிவிட்டு அரிசியை மட்டும் விழுங்குகிற அந்தத் திறமையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கீழே விழுகிற உமியின் சத்தம்கூடக் காது கொடுத்தால் கேட்கும். சிந்திய மணிகளுக்கு மணிப்புறாவும் அணிலும் தரையில் வந்து நிற்கும். ஒரு கொத்தில் இத்தனை பேருக்கும் பங்கு உண்டு, கொத்து தீர்ந்தால் விருந்தும் தீர்ந்தது.

நார்வேயிலும் கிறிஸ்துமஸுக்கு ஓட்ஸ் கதிரைக் கட்டாகக் கட்டி, கம்பத்தில் ஏற்றிப் பறவைகளுக்கு வைக்கிற பழக்கம் இருக்கிறது. பனியும் இருட்டுமான அந்த ஊரிலும், வெயில் குறையாத நம் ஊரிலும், அறுவடையில் ஒரு கட்டு பறவைக்கு என்று விவசாயிக்குத் தோன்றியிருக்கிறது. இதைவிட எனக்குப் பிடித்த செய்தி இந்த விஷயத்தில் இல்லை.

மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டிப் புறாக் கூட்டம் சேர்ப்பதை இதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே பங்கும் இல்லை, பதமும் இல்லை. ஒரே இடத்தில் கூட்டம் மொய்த்தால் எச்சம் சேரும், நோய் பரவும். பிரிட்டனில் 2005 முதல் கிரீன்ஃபிஞ்ச் (greenfinch) என்கிற சின்னக் குருவிகள் ஒரு தொண்டை நோயால் பெருமளவில் மடிந்தபோது, அது பரவிய இடங்களில் இரைத்தட்டும் தண்ணீர்த் தொட்டியும் முக்கியமானவை என்று தெரியவந்தது. மிக்சரும் முறுக்கும் போடுவதும் வேண்டாம். அந்த உப்பு பறவையின் உடம்புக்கு ஆகாது. கம்பு, குருணை, கொஞ்சம் குதிரைவாலி போதும். வைத்ததில் மிச்சம் கிடந்தால் மறுநாள் குறைத்து வைக்க வேண்டும்.

தண்ணீருக்கு மானாமதுரை மண்ணில் செய்த அகன்ற சட்டியை மிஞ்ச ஒன்றும் இல்லை. இரண்டு அங்குல ஆழம்; நடுவில் நிற்க ஒரு கல். மண்ணின் சொரசொரப்பு காலுக்குப் பிடிமானம் தரும், வழுவழுப்பான பிளாஸ்டிக் தட்டில் குருவி நிற்கவே தயங்கும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். சோற்றைச் சட்டை செய்யாத தேன்சிட்டும் தையல்சிட்டும் தண்ணீருக்கு வரும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து, ஒன்று குளிக்க மற்றவை சுற்றி நின்று சத்தம் போட்டு, முறை வைத்து இறங்குவது மார்கழி வெயிலில் காணக் கிடைக்கிற நல்ல காட்சி.

குளிர்காலத்துக்கு என்றே வருகிற விருந்தாளிகள் நம் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை. ஆறுமணிக்குருவி வடக்கேயிருந்து இரவில் பறந்து வந்து, ஏதாவது ஒரு தோட்டத்தின் நிழலில் இறங்கி, சருகைப் புரட்டிப் புழு தின்னும். கொடிக்கால் வாலாட்டிக்கும் அந்த ஈரச் சருகுதான் சாப்பாட்டு இலை. பழுப்புக் கீச்சான் முருங்கைக் கிளை நுனியில் உட்கார்ந்து வெட்டுக்கிளிக்குக் காத்திருக்கும். இவற்றுக்கு உபசாரம் செய்யத் தெரிந்தவர் கொல்லையைத் துப்புரவாகப் பெருக்க மாட்டார். எலுமிச்சை மரத்தடியில் ஒரு மூலைச் சருகு கிடக்கட்டும் என்று விடுவார், செடிக்குப் பூச்சிமருந்து அடிக்க மாட்டார். சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்கு முக்கியமாகப் பூச்சியைத்தான் ஊட்டும். வந்து சேர்ந்த அசதியில் ஆறுமணிக்குருவி சில சமயம் வீட்டுக்குள் புகுந்து சுவரில் மோதி விழும். அப்போது காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்து, தெளிந்ததும் பொழுது சாயும்போது மரத்தடியில் விட்டுவிட வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் புகட்டக் கூடாது.

வைப்பதைவிட விட்டுக்கொடுப்பது உயர்ந்த கலை என்று காட்டிய ஊர்கள் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி 1977இல் பறவைகள் சரணாலயமானது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதே மாவட்டத்துப் பொத்தகுடியில் 2020இல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை அந்த விளக்குகளைப் போடாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஊர்த் தெருக்கள் இருட்டில் இருந்தன. ஒரு மணி தானியம்கூட அங்கே செலவாகவில்லை.

வருகிற தையில் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் போகிறவர்கள் வயல்காரரிடம் கேட்டு, மிஷின் இறங்குவதற்கு முன் ஒரு கைப்பிடிக் கதிர் அறுத்து வாருங்கள். பின்னத் தெரிந்த பெரியவர்கள் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பிள்ளைகளோடு கற்றுக்கொள்ளுங்கள்.